தலைமாட்டுச் செங்கல்

மூளைக்குள் ரத்தம் கசிந்தால் இடி விழுந்ததுபோல் இருக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். எனக்கோ முதலில் வந்தது மந்தமான ஒரு சுகம். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள் தண்ணீருக்குள் நடப்பதுபோல மெல்ல விலகிப் போயின. வலி பிறகுதான் வந்தது; அப்போது நான் அங்கே இல்லை.

லாரியில் கிடத்திச் சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். அவசரகாலம். வழித்தடுப்புகளில் போலீஸ்காரர்கள் நான் பிழைப்பேனா என்பதை விட்டுவிட்டு, எனக்கடியில் காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதா என்று தடவிப் பார்த்தார்களாம்.

பிழைத்தேன். வலது கை மரத்துப் போயிருந்தது. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியிருந்தது: "சரி." தண்ணீர் வேண்டும் என்பதற்கும் அதுதான், வேண்டாம் என்பதற்கும் அதுதான். தோட்டத்தில் யார் எது பேசினாலும் நடுவில் புகுந்து திருத்திக்கொண்டிருந்த வாய் அது. அலமாரி அலமாரியாகப் படித்ததற்கு ஆமாம் போடுகிற ஒரு சொல்தான் கையில் நின்றது.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: கசிந்தது கசிந்ததுதான், மிச்ச மூளைக்கு ரத்தம் ஒழுங்காக ஓடினால் பேச்சு திரும்பலாம். கட்டிலின் தலைமாட்டில் செங்கல் வைத்துக் கொஞ்சம் உயர்த்துங்கள், பிறகு மெல்ல நடக்க விடுங்கள். அதைக் கேட்டுக்கொண்டவர் என் மனைவியின் அண்ணன், எங்கள் தோட்டத்து மண்டோர். ஆயுள் முழுக்கப் பால்மரம் வெட்டும் ஆட்களை மேய்த்தவர். லாரி கோலா கெத்தில் ஊரைத் தாண்டுவதற்குள் வைத்தியத்தைத் திருத்திவிட்டார். மரத்தைக் கீறினால் பால் கீழேதான் இறங்கும். பால் பிடிக்கிற மங்குக் கோப்பையை யாராவது உச்சியில் கட்டுவார்களா? மூளைதான் மங்கு என்றால் அது கீழே இருக்க வேண்டும். செங்கற்கள் கால்மாட்டுக்குப் போயின.

அந்த நாட்களில் கட்டில் ஒரு படகாகி, என்னைத் தலைகீழாக எங்கோ இறக்கிக்கொண்டே இருந்தது. விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணி அடிக்கும்போது தகரக் கூரை பனியாகக் கரையும். சொற்கள் மீன்களாகக் கிட்டே வந்து, முகம் காட்டாமல் திரும்பிவிடும். கண்ணுக்குப் பின்னால் ஒரு கனம் நாளுக்கு நாள் ஏறியது. இன்னொரு முறை கசிந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்பது எனக்குத் தெரிந்தது. சொல்லத்தான் வழியில்லை.

மண்டோர் தினமும் வேலை முடிந்து வந்து, "மச்சான், இப்படிப் படுக்கறது தேவலையா?" என்பார்.

மாற்று, மாற்று என்று உள்ளே கத்துவேன். வாய் சொல்லும்: "சரி. சரி. சரி."

"பாத்தியா தங்கச்சி, மச்சானே சொல்றாரு. இன்னும் ஒரு கல்லு வெப்போம்லா."

கல்லை எடுக்கப் போனவரை மனைவி தடுத்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, கல்யாணம் ஆன நாள்லேருந்து நீ சொன்னதுக்கு இவரு ஒரு தடவையாச்சும் சரின்னிருக்காரா?"

மண்டோர் யோசித்தார். நேர்மையான மனிதர், கிடையாது என்று ஒப்புக்கொண்டார். அப்படியானால் டாக்டர் என்னதான் சொன்னார் என்று அவள் கேட்டுக் கேட்டு உண்மையைக் கறந்தாள். பிறகு தானே குனிந்து செங்கற்களைத் தலைமாட்டுக்கு மாற்றினாள். கண்ணுக்குப் பின்னாலிருந்த கனம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

அப்புறம் நடை. ஊரடங்குக்கு முன், மாலையில், முள்வேலி ஓரமாக அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பேன். கேட்டில் நிற்கும் மலாய்க் காவலாளி எங்கே போகிறேன் என்று கேட்பார். "சரி" என்பேன். அவர் தலையாட்டுவார். அப்படி ஓர் ஊர் இருப்பதாக நினைத்துக்கொண்டாரோ என்னவோ.

ஒரு நாள் மண்டோரும் கூட நடந்து வந்தார். "கல்லு கால்மாட்டுலயே இருந்திருந்தா இந்நேரம் நீங்க பாட்டே பாடியிருப்பீங்க, மச்சான்."

வேலிக்கு அப்பால் மரங்களுக்குள் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. தலைக்குள் எங்கோ, காய்ந்த வாய்க்காலில் தண்ணீர் நுழைவதுபோல ஒரு சிலிர்ப்பு. வாயைத் திறந்தேன்.

"இல்ல."

மனைவி நின்றுவிட்டாள். தோளிலிருந்த என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மச்சான் தேறிட்டாரு தங்கச்சி," என்றார் மண்டோர், முகமெல்லாம் மலர.