சுண்ணாம்பு வளையம் இல்லாத பட்டடை

எழுபத்துமூன்று நாள். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டேன். என் பக்கத்துக் கடைத் தையல்காரன் சிவிலாய், எழுபத்துமூன்று நாள், வெடிக்காத பீரங்கிக் குண்டு ஒன்றின் மேல் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்துச் சம்மட்டியால் அடித்திருக்கிறான். ஒரு பக்கம் அவன் மனைவி தாவன் துணிக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு பக்கம், பத்தடி தள்ளி, நான் நூடுல்ஸ் விற்றுக்கொண்டிருந்தேன். அந்தக் குண்டை அவனுக்குத் தூக்கிக் கொடுத்தவளும் நானேதான்.

சிவிலாய் தைரியசாலி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஊர் போன்சவானின் சந்தைத் தெருவில் அவனைவிடப் பயந்தாங்கொள்ளி கிடையாது. இடி இடித்தால் தையல் மிஷினின் மேல் துணியைப் போர்த்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வான். ஊசி குத்தினால் தாவனைக் கூப்பிட்டு விரலைக் காட்டுவான். நாற்பத்தாறு வயது. பள்ளிச் சீருடை, பெண்களின் பட்டுப் பாவாடைக்குக் கரை, குண்டு அகற்றும் குழுவினருக்குக் காக்கி உடுப்பு, இவைதான் அவன் பிழைப்பு.

அப்படிப்பட்டவன் உலை மூட்டக் காரணம் ஒரு கத்திரிக்கோல். அவன் குருவிடமிருந்து வந்த நல்ல கத்திரியை, சாணை பிடிக்கிறேன் என்று ஒருவன் வாயை வளைத்துக் கொடுத்துவிட்டான். இரண்டு நாள் சிவிலாய் சோறு சரியாகத் தின்னவில்லை. மூன்றாம் நாள் போனில் யாரோ கொல்லு வேலை செய்வதைப் பார்த்துவிட்டு என் கடைக்கு வந்தான்.

"அக்கா, நானே ஒரு கத்திரி அடிக்கப்போறேன்."

"உனக்கு என்ன பைத்தியமா?"

"இரும்பும் துணி மாதிரிதான் அக்கா. சூடு ஏறிடுச்சுன்னா சொன்ன பேச்சு கேக்கும்."

"துணி உன்னைச் சுடாதுடா."

கடைக்குப் பின்னால் ஒரு பழைய லாரிச் சக்கரத்தின் பிரேக் வட்டையைக் களிமண்ணில் பதித்து உலை செய்தான். துருத்திக்குத் தாவனின் தலைமுடி உலர்த்தும் மிஷினை எடுத்துக்கொண்டான். அவள் ஈரத் தலையோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தாள். முதல் நாள் ஒரு லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சிவிட்டு, நீளம் பார்க்கக் கழுத்தில் கிடந்த தையல் டேப்பை எடுத்து அதன் மேல் வைத்தான். பதினாறு சென்டிமீட்டர் டேப் எரிந்துபோயிற்று. இரண்டாம் நாள், இரும்பு சிவப்பாக இல்லையே, ஆறிவிட்டது என்று வெறும் கையால் எடுத்தான். கறுத்த இரும்பும் சுடும் என்று தெரு முழுவதற்கும் அன்று தெரிந்தது. நான்கு நாள் தாவன்தான் கால்சட்டை தைத்தாள். ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை.

ஆனாலும் அவன் விடவில்லை. மூன்றாம் வாரம் ஒரு கொக்கி அடித்தான். கோணலாகத்தான் இருந்தது. அதை என் கடையில் கரண்டி மாட்டக் கொண்டுவந்து கொடுத்தபோது, அவன் முகத்தைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவன் அளவு எடுக்காமல் செய்த முதல் பொருள் அது.

என் தொல்லை சத்தம். பழைய போரில் விமானம் போட்ட பெரிய குண்டின் இரும்பு ஓட்டைப் பாதியாகப் பிளந்து கவிழ்த்து, அதன் மேல்தான் அடித்தான். எங்கள் ஊரில் அந்த ஓடு இல்லாத வீடு உண்டா? வேலிக்கால், பன்றித் தொட்டி, தானியக் களஞ்சியத்துக்குத் தாங்குகால் எல்லாம் அதுதான். ஆனால் உள்ளே வெற்று. ஒவ்வொரு அடிக்கும் கோயில் மணி மாதிரி தெரு முழுக்கக் கத்தியது. என் வாடிக்கைக்காரர்கள் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்ச் சாரிக்குப் போனார்கள். சித்திரைப் புத்தாண்டின் தண்ணீர் விளையாட்டு முடிந்த வாரம் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"டேய், உனக்கு ஒரு திடமான இரும்பு தரேன். அந்த மணியை முதல்ல நிறுத்து."

என் வீட்டு அடுப்படியில் ஒரு பீரங்கிக் குண்டு மூக்குப் பக்கம் மண்ணில் புதைந்து, தட்டையான அடிப்பக்கம் மேலே தெரிய நின்றிருந்தது. என் வீட்டுக்காரர் உடோன் கொண்டுவந்தது. அவர் பழைய இரும்பு பொறுக்கியவர். காட்டில் கிடக்கும் குண்டுகளைக் கொண்டுவந்து, வீட்டுக்குப் பின்னால் வெடிக்கவைக்கும் மூக்கைக் கழற்றி, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு ஓட்டை விற்பார். காலி செய்த ஒவ்வொன்றின் கழுத்திலும் சுண்ணாம்பால் ஒரு வளையம் போடுவார். நான் பயப்படக் கூடாது என்பதற்காக ஆரம்பித்த வழக்கம். அப்படிக் காலியான ஓடு ஒன்றுதான் என் வெங்காயத் தொட்டி, அதில் அந்த வளையம் இன்றும் இருக்கிறது.

இது அவர் கடைசியாகக் கொண்டுவந்தது. சாயங்காலம் கொண்டுவந்தார், அன்றே காய்ச்சலில் படுத்தார், ஆறாம் நாள் போய்விட்டார். என் மகளுக்கு அப்போது மூன்று மாதம். உருண்டுகொண்டே இருந்ததால், இருந்த துக்கத்தில் சரியாகக்கூடப் பார்க்காமல், நான்தான் அதை மூக்குக் கீழாக மண்ணில் நட்டேன். இருபத்தொரு வருஷம் அதன் மேல் உட்கார்ந்து அடுப்பு ஊதினேன். அதன் அடிப்பக்கம் சுற்றிலும் ஒரு செம்புப் பட்டை இருந்தது. செம்புக்குத்தான் விலை அதிகம், எல்லாக் குண்டிலும் அவர் அதை முதலில் உரித்துவிடுவார். இதில் மட்டும் விட்டிருந்தார். எனக்காக விட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நகை நட்டு எதுவும் வாங்கிக் கொடுத்தவர் இல்லை. புத்தாண்டுக்குப் புத்தாண்டு புளி போட்டு அந்தச் செம்பைத் தேய்த்துப் பளபளவென்று வைப்பேன்.

அதைத்தான் கொடுத்தேன். மனசு கேட்கவில்லைதான். ஆனால் சும்மா குந்தியிருப்பதற்கு, ஒருவனுக்காவது உதவட்டுமே என்றிருந்தது. நானும் சிவிலாயும் கயிறு கட்டி அவன் கடைக்குத் தூக்கிப்போனோம். வழியில் மூன்று இடத்தில் இறக்கி வைத்தோம். இறக்கி வைத்தோம் என்று சொல்கிறேன், உண்மையில் போட்டோம்.

சிவிலாய்க்கு அது தெய்வம் கொடுத்த பட்டடை. மரக்கட்டையில் குழி தோண்டி, மண் கட்டியாக அப்பியிருந்த மூக்கை அப்படியே அதற்குள் இறக்கினான். "அக்கா, அசையவே மாட்டேங்குது, பாருங்க," என்று ஓங்கி ஓங்கி அடித்துக் காட்டினான். சத்தமும் குறைந்தது. நான் என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

எழுபத்துமூன்றாம் நாள் சாயங்காலம் பனிதா வந்தாள். குண்டு அகற்றும் குழுவின் தலைவி அவள், முப்பது வயதுப் பெண். காக்கிப் பேன்ட் சுருக்கக் கொடுத்திருந்தாள். சிவிலாய் கத்திரியின் ஒரு பாதியை முடித்துவிட்டு மறு பாதியை அடித்துக்கொண்டிருந்தான். நான் பாத்திரம் கழுவிக்கொண்டு பார்த்தேன். பின்வாசலுக்கு வந்தவள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

"மாமா, அடுத்த அடி அடிக்காதீங்க."

"ரெண்டே நிமிஷம்மா, உன் பேன்ட் தயாரா இருக்கு."

"சுத்தியலைக் கீழ வைக்காதீங்க. கையிலயே வச்சுக்குங்க. அந்த இரும்பையும் இடுக்கியோட எடுத்துக்கிட்டு என்னைப் பார்த்து நடந்து வாங்க. ஓட வேணாம்."

அவள் சத்தமே போடவில்லை. சிவிலாய் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு கையில் சம்மட்டி, ஒரு கையில் சிவந்த இரும்பு, அப்படியே நடந்து வந்தான். தெருவுக்கு வந்த பிறகும் இரண்டையும் கீழே வைக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றான். தாவன்தான் விரல்களைப் பிரித்து எடுத்தாள்.

"எத்தனை நாளா இதுல அடிக்கிறீங்க?"

"புத்தாண்டு முடிஞ்சதுலேருந்து."

"தினமுமா?"

"மழை நாள்லகூட."

பனிதா சாக்கடை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவளே உட்கார்ந்ததைப் பார்த்துக் கிண்ணத்தைப் போட்டுவிட்டு நான் அங்கே போனேன்.

"யார் குடுத்தது?"

சிவிலாய் தரையைப் பார்த்தான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, புண்ணியவான்.

"நான்தாம்மா குடுத்தேன். அது காலிக் குண்டு. என் வீட்டுக்காரர் காலி பண்ணாம எதையும் வீட்டுல வைக்கமாட்டார்."

"அக்கா, அடியில செம்பு அப்படியே இருக்கே. காலி பண்றவங்க செம்பை விட்டு வைப்பாங்களா?"

இரும்பு பொறுக்கியவனின் பெண்டாட்டி நான். என்னிடம் கேட்கிறாள்.

பனிதாவின் குழுவினர் அரை மணியில் தெருவைக் காலி செய்தார்கள். என் அடுப்பில் குழம்பு கொதித்தபடி கிடந்தது. நெல் வயலுக்கு அப்பால் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். சிவிலாய் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எண்ணூறு அடியாவது ஒரு நாளைக்கு அடிச்சிருப்பேன் அக்கா," என்றான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னான். தாவன் அவனைத் திட்ட வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. பெரிய நிபுணர்கள் வந்து, மணல் நிரப்பிய வண்டியில் அதைப் படுக்க வைத்து மலைக்கு அப்பால் கொண்டுபோனார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு அதை வெடிக்கவைத்தார்கள். என் கண்ணாடிக் குவளைகள் நடுங்கின. அத்தனை தூரத்தில்!

மதியம் பனிதா போனில் படம் காட்டினாள். மரக்கட்டையிலிருந்து எடுத்த பிறகு பிடித்தது.

"உள்ள முழுசா இருந்துச்சு அக்கா. மூக்கும் கழட்டாம அப்படியே இருக்கு. துரு இறுகிப்போனதாலதான் தப்பிச்சீங்க, வேற காரணம் எனக்குத் தெரியல."

நான் மூக்கைப் பார்க்கவில்லை, கழுத்தைப் பார்த்தேன். இருபத்தொரு வருஷமாக மண்ணுக்குள்ளும், எழுபத்துமூன்று நாள் மரத்துக்குள்ளும் மறைந்திருந்த கழுத்து. வெறும் துரு. சுண்ணாம்பு வளையம் இல்லை.

செம்பை எனக்காக விடவில்லை. உரிக்க நேரம் இல்லாமல் போயிருக்கிறது. மறுநாள் காலையில் செய்யலாம் என்று வைத்திருக்கிறார். எங்கே செய்வார்? பின்சுவரை ஒட்டி. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் தொட்டில் கட்டியிருந்தேன். அந்தச் சுவருக்குப் பக்கத்தில்தான் நான் காலைச் சோறு அவிப்பேன். இந்த அளவுக்குத் துரு இறுகாத குண்டு அது அப்போது.

இருபத்தொரு வருஷமாக அந்தக் காய்ச்சலைச் சபித்திருக்கிறேன். பாழாய்ப்போன காய்ச்சல், இன்னும் ஒரே ஒரு நாள் தள்ளி வந்திருக்கக் கூடாதா என்று கோயிலில் நின்று கேட்டிருக்கிறேன். ஒரு நாள் தள்ளி வந்திருந்தால்! அந்தப் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பனிதா போனைத் திருப்பிக் கேட்கக்கூட இல்லை.

ஒரு மனுஷனுக்குள் முப்பத்திரண்டு உயிர்கள் என்பது எங்கள் நம்பிக்கை; பயந்தவனை விட்டு அவை ஓடிப்போய்விடும் அல்லவா? முப்பத்திரண்டையும் கூப்பிட்டு வர, தாவன் அந்த வாரமே வாழையிலையில் செய்த பூக்கூம்பு வைத்துச் சடங்கு நடத்தினாள். தெருவே வந்து சிவிலாயின் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டியது. சிவிலாய் தன் முறை முடிந்ததும் ஒரு நூலை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"கைய நீட்டுங்க அக்கா. உங்களுதும் ஓடித்தான் போயிருக்கு."

தலைநகர் வியந்தியானிலிருந்து மகள் போன் செய்தாள். சாப்பிட்டாயா என்று மூன்று தடவை கேட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் சிவிலாய் உலை பக்கமே போகவில்லை. கத்திரியின் இரண்டாம் பாதி முடியாமல் கிடந்தது. பனிதாவின் குழுவினர் பழைய லாரி அச்சு ஒன்றை அறுத்து, கனமான துண்டாகக் கொண்டுவந்து அந்த மரக்கட்டையிலேயே பதித்துக் கொடுத்தார்கள். அவன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். சம்மட்டியை எடுப்பான், வைத்துவிடுவான். இடி இடித்தால் உள்ளே போனவன், இப்போது பாத்திரம் விழுந்தாலே உள்ளே போனான். சாயங்காலங்களில் எனக்கும் அந்தச் சத்தம் இல்லாமல் என்னவோபோல இருந்தது. சொன்னால் நம்பமாட்டார்கள், அந்தக் கோயில் மணிச் சத்தமாவது கேட்காதா என்றுகூட நினைத்தேன்.

நேற்று கடையைப் பாதியில் விட்டுவிட்டு, ஒரு சிரட்டையில் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டு போனேன். அந்த அச்சுத் துண்டின் கழுத்தைச் சுற்றி விரலால் ஒரு வளையம் போட்டேன். கோணலாக வந்தது, அவன் கொக்கி மாதிரியே.

சிவிலாய் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"உடோன் அண்ணன் போடுறதா?"

"ஆமாடா. அடி."

"நீங்க கொஞ்சம் தள்ளிப் போங்கக்கா."

"போகமாட்டேன். அடி."

அவன் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். நான் கண்ணைத் திறந்தபடி பக்கத்திலேயே நின்றேன்.