சயாம் போகாமலிருக்க நான் போட்ட திட்டம்

டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஊரார் போகிற இடமெல்லாம் தெரியும், தன் உத்தியோகம் எங்கே போகிறது என்பது மட்டும் தெரியாது. உத்தியோகத்தில் மாட்டிக்கொண்டு அல்லாடுகிற உங்களுக்கு இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? ஆனாலும் சொல்கிறேன், எனக்கு மனசு ஆற மாட்டேன் என்கிறது.

என் பெயர் சாமுவேல். கோலாலம்பூர் ஸ்டேஷனில் புக்கிங் கிளார்க், வீடு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ். வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் முன்னேற்றத்துக்கு ஒரே வழிதான். டிபார்ட்மெண்ட் பரீட்சையில் பாஸ் செய்துவிட்டு, மேலே இருப்பவர் எப்போது ரிட்டயர் ஆவார் என்று காத்திருக்க வேண்டும். நானும் அப்படியே படிப்படியாக ஏறி, ஸ்டேஷன் மாஸ்டராகி, பென்ஷனோடு சாலாக் செலாத்தானில் வீடு கட்டுவதாக இருந்தேன். ஜப்பான்காரன் வந்தான். எல்லாம் போச்சு.

தோக்கியோ மணி

வந்தவன் முதல் காரியமாக ஸ்டேஷன் கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்தான். விடிவதற்கு முன்பே எங்களுக்கு ஆபீஸ் தொடங்கிவிடும். மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் கிள்ளானுக்கு டிக்கெட் கேட்டு வந்தார். அவர் வீட்டுக் கடிகாரத்தில் இன்னும் பழைய நேரம். ரயில் போய் வெகு நேரமாகிவிட்டது.

"மணி மாறிப் போச்சு பாய்," என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், வெளியே வெயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் நின்றான். நான் சிரித்தால் எனக்கு அறை, அவர் கத்தினால் அவருக்கு அறை. பாய் கவுண்டருக்குள் தலையை நுழைத்து மெதுவாகக் கேட்டார்: "ஏன் தம்பி, சூரியனுக்கு யாராச்சும் தகவல் சொன்னாங்களா?"

பளபளப்பு

பிறகுதான் சயாம் பேச்சு வந்தது. அங்கே காட்டுக்குள் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்றார்கள். முதலில் ரப்பர் தோட்டத்து ஜனங்களை லோரியில் ஏற்றினார்கள். அப்புறம் எங்கள் டிபார்ட்மெண்டிலும் கை வைத்தார்கள். போனவர்களைப் பற்றி ஒரு சேதியும் வரவில்லை. என் மனைவி எஸ்தர் அப்போது முழுகாமல் இருந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை, சோறு என்ன சோறு, மரவள்ளிக்கிழங்குதான்.

யோசித்து ஒரு திட்டம் போட்டேன். இந்த ஜப்பான்காரனுக்கு நான் இல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டால் என்னை அனுப்ப மாட்டான் அல்லவா? ஜப்பான் பாஷைக்கு வகுப்பு நடந்தது, தேறினால் பேட்ஜ். ரயில்வேக்காரன் புத்தி எங்கே போகும்! பரீட்சை என்றால் பிரமோஷன் என்று முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கிழங்குத் தோல் சீவும்போதும் அந்தப் பாஷையைத்தான் முணுமுணுத்தேன். முதலாவதாகத் தேறி, ஜப்பான் அதிகாரி கையாலேயே பேட்ஜ் வாங்கினேன்.

பக்கத்துக் கவுண்டர் ஆறுமுகம் எனக்குப் பிறகு சேர்ந்தவன், வயதிலும் இளையவன். 'சரிங்க' என்பதற்கு அவர்கள் சொல்லும் 'ஹை'யைத் தவிர ஒரு வார்த்தை கற்கவில்லை. அதிகாரி வந்தால் இருமத் தொடங்கிவிடுவான். சரியான சோம்பேறி என்று நினைத்திருந்தேன். அவன் என் பேட்ஜைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இப்படிப் பளபளன்னு மாட்டிக்கிட்டா தூரத்துலேர்ந்தே ஆள் தெரியும் லா. எனக்கு வேணாம்பா, நான் யார் கண்ணுலயும் படாம இருந்துட்டுப் போறேன்."

கஞ்சி போட்ட சட்டை

ஒரு நாள் அதிகாரி வரச் சொன்னார். அசிஸ்டெண்ட் ஸ்டேஷன் மாஸ்டர் இடம் காலியாக இருந்தது. எஸ்தர் கிழங்கு மாவில் கஞ்சி காய்ச்சிப் போட்ட சட்டையோடு போய் இடுப்பு ஒடியக் குனிந்தேன். அவர் சிரித்தார். சயாமில் இருக்கிற தமிழர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும், உன்னைவிட நன்றாகப் பேசுகிறவன் இங்கே இல்லை, நாளை மறுநாள் ரயில் என்றார். வாய் தானாக 'ஹை' என்றது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். எஸ்தர் அழவில்லை. கையிலிருந்த அகப்பையை வீசி எறிந்தாள். "பரீட்சையில கோட்டை விட்டவன் பொண்டாட்டியெல்லாம் நிம்மதியா இருக்கா. உங்கள யாருங்க முதலா வரச் சொன்னது?"

பிளாட்பாரத்தில்

சரக்கு வண்டி நிறைய, கிள்ளானை அடுத்த மேரு பக்கத்துத் தோட்டத்து ஜனங்கள். நல்ல சாப்பாடு, நல்ல வீடு, வேலை முடிந்ததும் ஊர் திரும்பலாம் என்று அதிகாரி பேசினார். என் முதுகுக்குப் பின்னால் துப்பாக்கி. நான் அதைத் தமிழில் சொன்னேன். சொல்லச் சொல்ல வாய் கசந்தது.

கதவோரம் மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒருவர், "ஐயா, இதெல்லாம் அவன் சொல்றதா, நீங்க சொல்றதா?" என்றார்.

"அவன் சொல்றதுதான்."

அவர் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். "அப்ப ஏறி உக்காருங்க. உங்களுக்குத் தெரிஞ்சத வழியில சொல்லுங்க."

புதுத் தொப்பி

சயாமைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. எனக்கு இடம் விட்ட அந்த மனுஷர் திரும்பி வரவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சண்டை ஓய்ந்து, காய்ச்சலும் எலும்புமாகக் கோலாலம்பூரில் இறங்கினேன். பிளாட்பாரத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியோடு நின்றது யார் என்கிறீர்கள்? ஆறுமுகம்! மேலே இருந்தவர்களில் பாதிப்பேர் சயாமில், மீதிப்பேர் காய்ச்சலில். யார் கண்ணிலும் படாதவன் ஒருவன்தான் மிஞ்சினான். எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்.

அவனுக்கு என்னை அடையாளம் தெரியவே நேரமானது. தெரிந்ததும் தொப்பியைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கட்டிக்கொண்டு அழுதான். "எஸ்தர் நல்லாருக்காங்க. உனக்குப் பொண்ணு, ஓடுறா, பேசுறா, போய்ப் பாரு," என்றான். எனக்கும் அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான். "உன் கவுண்டர் அப்படியே இருக்கு சாமு. ஆனா ஒண்ணு, நான் ரிட்டயர் ஆவ இன்னும் ரொம்ப வருஷம் இருக்கு லா."

அன்று முதல் என் நீண்டகாலத் திட்டம் ஒன்றே ஒன்றுதான்: சாயங்காலம் ஆனால் வீட்டுக்குத் திரும்பிவிடுவது.