ஐந்தருவியிலிருந்து வீடு வரை வந்தவன்

தென்காசியில் வீட்டிலிருந்தபடியே இணையதளங்கள் உருவாக்கித் தருகிறாள் என் மகள். வாடிக்கையாளர்களுக்காகத் தன் புகைப்படத்தோடு படிப்பு, பார்த்த வேலைகள், பிடித்தவை எல்லாவற்றையும் தன் இணையப் பக்கத்தில் எழுதியிருந்தாள். சாரல் காலத்தில் ஞாயிறுதோறும் ஐந்தருவியில் குளிப்பதும் அதில் இருந்தது.

போன ஞாயிறு குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தவளை, முன்பின் தெரியாத ஒருவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். "இங்கன வருவேன்னு நீதான எழுதிருக்க" என்று சிரித்திருக்கிறான். பயந்துபோய் ஆட்டோவில் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பின்தொடர்ந்து வந்தவன் தெருமுனைக் கடையில் வழி கேட்க, கடைக்காரர் எங்கள் வாசலுக்கே கூட்டி வந்து, "அக்கா, விருந்தாளி வந்திருக்காவ" என்றார். அவனைப் பார்த்ததும் மகள் உள்ளே அலறினாள். நான் போலீசுக்குப் போன் போடவும் அவன் ஓடிவிட்டான்.

நடந்ததைச் சொன்னபோதும் அவனை ஒரு வார்த்தைகூடத் திட்டாமல் கடைக்காரர் சொன்னார்: "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலை? விடச் சொல்லுங்க."

"உங்க கடையில ஒருத்தன் திருடுனா, கடைய மூடிருவியளா அண்ணாச்சி?" என்றேன்.

மகள் ஐந்தருவி பற்றிய வரியை மட்டும் நீக்கினாள், வேலையை விடவில்லை. வரும் ஞாயிறன்று நானும் அவளோடு அருவிக்குப் போகிறேன். என்னிடம் போனில் கேட்காமல் யாருக்கும் எங்கள் வீட்டைக் காட்டக் கூடாது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன், முதலில் அந்த அண்ணாச்சியிடம்.