சும்மா கிடைத்த மோட்சம்

பிச்சையம்மாளின் இடுப்பிலிருந்த குடத்தைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு அவள் வீட்டைப் பார்த்து ஓடுகிறார் சிலுவைமுத்து. கிழவி பின்னால் கத்திக்கொண்டே வருகிறாள்.

"ஏலே, நான் இப்பத்தான் ஊத்துக்குப் போறேன். அது வெறுங்குடம்லே!"

அக்காள்மடம் கரையில் அவர் உதவிக்குத் தப்பியவர்கள் குறைவு. அடுத்தவர் கடலுக்குள் தள்ளும் வள்ளத்தைக் கரைக்கு இழுத்துப் போட்டுவிடுவார். மண்டபத்துக்குப் போகவேண்டிய ஹமீது சுல்தானின் கருவாட்டுக் கூடையை ராமேஸ்வரம் ரயிலில் ஏற்றிவிட்டவரும் இவரே. கேட்டால், "செத்த பெறகு பாவந்தீர உத்தரிக்கிற தலத்துல வேகணும்ல மொதலாளி? இம்புட்டுச் செஞ்சாத்தான் சீக்கிரம் மோச்சத்துக்கு விடுவாங்க" என்பார்.

பிறகு ஒருநாள் பாம்பனில் ரயிலை விட்டு இறங்கிய புராட்டஸ்டண்டு உபதேசியார் ஞானசிகாமணியின் பெட்டியையும் இப்படித்தான் பிடுங்கினார். காரணத்தைக் கேட்ட உபதேசியார் நடந்துகொண்டே சொன்னார்: "மோட்சம் கிரியைகளினால் வராது ஐயா. தேவன் கிருபையாய்க் கொடுக்கிறார். விசுவாசித்தால் போதும்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"அப்ப நான் சொமந்ததெல்லாம்?"

"நல்ல காரியம். ஆனால் அதை விலையாக நீட்ட முடியாது."

சிலுவைமுத்து பெட்டியை நடுரோட்டில் இறக்கி வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அப்புறம் கரையில் கைகட்டி உட்கார்ந்ததோடு சரி. வள்ளங்கள் போகவேண்டிய பக்கம் போயின. ஊருக்கு நிம்மதி. அவர்தான் இளைத்துப்போனார். "சும்மா குடுத்தா வாங்கிக்கிற வேண்டியதுதான். ஆனா பெறகு இந்தக் கைய வச்சுக்கிட்டு என்ன செய்ய?" என்று பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த என்னிடம் கேட்டார். 

அந்தச் சமயத்தில்தான் பிச்சையம்மாள் நிறைகுடத்தோடு ஈரமணலில் சறுக்கினாள். நான் எழுவதற்குள் இவர் பாய்ந்து ஒரு கையால் கிழவியையும் மறுகையால் குடத்தையும் பிடித்துவிட்டார். பிடித்தவர் அப்படியே விழித்துக்கொண்டு நின்றார்.

"ஆத்தா, மோச்ச நெனப்பே வரலயே. பெறகு எதுக்குப் பிடிச்சேன்?"

"நான் விழுந்தேன், நீ பிடிச்சே. வேற என்னலே? குடத்தக் குடு."

அவர் குடத்தைக் கொடுத்துவிட்டுத் தன் வீட்டுக்கு நடந்தார். நானும் கூடப் போனேன். வாசலில் அவர் மனைவி லீமாரோஸ் மீன் அரிந்துகொண்டிருந்தாள். சொந்த வீட்டுக்குச் செய்வது புண்ணியத்தில் சேராது என்று அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷர், அவளை நகரச் சொல்லிவிட்டு அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

லீமாரோஸ் செதிள் ஒட்டிய புறங்கையை அவர் நெற்றியில் வைத்து, காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்த்தாள்.