அவளுக்கு எடுக்க வந்த ஸ்கேன்

1992, ஜூன் 16, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபது, சேலத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். ஏற்காட்டில் பஸ் ஏறியபோது மூடுபனியும் தூறலும். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் வந்தால், சட்டை முதுகோடு ஒட்டும் வெயில். மனைவிக்குச் சாப்பிட்டதும் வயிற்றில் வலி வந்துகொண்டிருந்தது. பித்தப்பையில் கல் இருக்கலாம், ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்று எங்கள் ஊர் டாக்டர் சொல்லியிருந்தார். அவள் வெறும் வயிற்றோடு வந்தாள். அடிவாரத்தில் நான் இறங்கி நான்கு இட்லி சாப்பிட்டதற்கு, சேலம் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

எனக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. ஒரு காப்பி எஸ்டேட்டில் ஆள் கணக்கும் எடைக் கணக்கும் எழுதும் ரைட்டராக முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். உடம்பில் ஒரு நோயும் கிடையாது என்ற கர்வம் எனக்கு உண்டு.

ஸ்கேன் எடுப்பவர் ஒரு பெண் டாக்டர். முப்பத்தைந்து வயது இருக்கும். அவர் மனைவியைப் படுக்கச் சொன்னதும் இவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"ஏனுங்க, கரண்டு ஒடம்புல ஏறீருமுங்களா?"

"அதெல்லாம் ஏறாதும்மா. பசை தடவி இதை வயித்து மேல வெச்சுப் பாக்கறதுதான்."

"எனக்கு நொம்ப பயமா இருக்குதுங்க. ஊட்டுக்குப் போயிரலாம்."

போக வர இரண்டு பஸ், ஒரு நாள் வீண் என்று நான் சத்தம் போட்டேன். அவள் அசையவில்லை. "எஸ்டேட்டுல ஊசி போட வந்தா நீங்கதான மொதல்ல கைய நீட்டுவீங்க? இங்கயும் மொதல்ல நீங்க படுங்க. எந்திரிச்சு நடந்தீங்கன்னா நான் படுக்கறேன்" என்றாள்.

அது எங்கள் எஸ்டேட் வழக்கம். சுகாதாரத் துறையிலிருந்து தடுப்பூசி போட வந்தால், ரைட்டர் போட்டுக்கொண்டு நிற்பதைக் கண்ணால் பார்க்காமல் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீட்டுப் பெண்கள் யாரும் கை நீட்ட மாட்டார்கள். ஒரு வருடம் மூன்று லயன்களிலும் தனித்தனியாக நீட்டினேன். மூன்றாவது லயனில் நர்ஸ் மருந்தில்லாத ஊசியை வைத்துக் குத்தினார்.

டாக்டர் சிரித்துவிட்டார். "படுங்க ஐயா, ரெண்டு நிமிஷம்." சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்தேன். பசை ஜில்லென்று இருந்தது. "பாருங்கம்மா, இது ஈரல். இது பித்தப்பை. ஐயாவுக்கு வலிக்குதான்னு கேளுங்க" என்று பேசிக்கொண்டே வந்தவர், இடது விலாவுக்குக் கீழே வந்ததும் பேச்சை நிறுத்தினார். அந்த இடத்துக்கே மூன்று முறை திரும்பி வந்தார். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்.

"வலி அவளுக்குங்க. என்னைய எதுக்குப் பொரட்டறீங்க?"

பசையைத் துடைத்துவிட்டு என்னை எழுந்திருக்கச் சொன்னார். பிறகு மனைவிக்கும் பார்த்தார். அவளுக்குக் கல்லும் இல்லை, ஒன்றும் இல்லை. காலையில் வெறும் வயிற்றில் குடிக்கும் மூன்று டம்ளர் வரக்காப்பியைக் குறைக்கச் சொன்னார்.

எங்கள் இருவரையும் உட்கார வைத்துவிட்டு, என் இடது சிறுநீரகத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி இருக்கிறது என்றார். வெறும் நீர்க்கட்டியாக இருந்தால் கறுப்பாகத் தெரியும், அதைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம். இது அப்படித் தெரியவில்லை. கோயம்புத்தூரில் வேறு வகை ஸ்கேன் எடுத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார்.

எனக்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சிறுநீரில் ரத்தம் இல்லை. "சும்மா படுத்தவனுக்குக் கட்டிங்கறீங்க. இது பணம் பண்ற வழிங்களா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஒரு கடிதம் எழுதி நீட்டினார். "இங்க வர வேண்டாம் ஐயா. உங்களுக்கு நம்பிக்கை இருக்கற டாக்டருகிட்ட காட்டுங்க. ஆனா காட்டாம மட்டும் இருந்துராதீங்க."

நான் காட்டாமல்தான் இருந்தேன், பத்தொன்பது நாள். இருபதாம் நாள் விடிந்ததும் பார்த்தால், மனைவி நல்ல சேலை கட்டி, பையில் என் வேட்டி இரண்டை மடித்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "என்னைய பயந்தாங்கொள்ளின்னு நாலு ஊடு கேக்கச் சிரிச்சீங்களே. இப்ப ஆரு பயப்படறது? வாங்க, நான் முன்னால நடக்கறேன்." சொன்னதோடு நிற்கவில்லை, பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தே விட்டாள். பின்னாலேயே போனேன்.

கோயம்புத்தூரில் நரம்பில் ஒரு மருந்தை ஏற்றிப் படமெடுத்தார்கள். கட்டி அந்த மருந்தை உறிஞ்சியிருந்தது. அப்படியானால் அது வெறும் நீர் இல்லை, புற்றுநோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றார் அறுவை டாக்டர். அந்த வாரமே இடது சிறுநீரகத்தை எடுத்தார்கள். இருபத்திரண்டு தையல். பரிசோதனை முடிவு புற்றுநோய் என்றே வந்தது. ஆனால் சிறுநீரகத்தின் உறையைத் தாண்டவில்லை. "இது வலிச்சு, ரத்தம் போயித்தான் நிறையப் பேரு வருவாங்க. வலியே இல்லாம நீங்க எப்படி வந்தீங்க?" என்று கேட்டார். நான் மனைவியைக் காட்டினேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்று மாதம் கழித்து, இரண்டு கிலோ காப்பித்தூளோடு சேலம் போய் அந்தப் பெண் டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்று எனக்குப் பார்த்த ஸ்கேனுக்கான பணத்தையும் நீட்டினேன். காப்பித்தூளை மட்டும் வாங்கிக்கொண்டார். "உங்களுக்கு நான் ஸ்கேன் எடுக்கலீங்க ஐயா, அம்மாவுக்குத் தைரியம்தான் சொன்னேன்" என்றார்.

ஏழு வருடம் ஆகிறது. வருடம் தவறாமல் பரிசோதனைக்குப் போகிறேன், நோய் வேறெங்கும் பரவவில்லை. பஸ், படம், ஆபரேஷன், மருந்து என்று மொத்தம் 23,640 ரூபாய் ஆனது. என்னைக் காப்பாற்றிய அந்த இரண்டு பெண்களுக்கு அதில் ஒரு பைசாகூடப் போகவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம், அவர்கள் தந்த வருடங்களுக்கு என்ன விலை போடுவதென்று இந்த ரைட்டருக்குத் தெரியவில்லை.