காலி அட்டையை மட்டும் கொடுங்கள்

போன சனிக்கிழமை காலை எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் குட்டியானை வந்து நின்றது.

பயப்படாதீர்கள். மருதமலைப் பக்கம் குடியிருக்கிறோம், நிஜ யானையும் வரக்கூடிய ஏரியாதான். ஆனால் இது நாலு சக்கரக் குட்டியானை, சின்ன சரக்கு வண்டி. மாதத்தில் ஒரு சனிக்கிழமை வரும். பழைய பேப்பர்காரர் 'இது வேண்டாமுங்க' என்று தள்ளிவிடுகிற சாமான்களை மட்டும் வாங்கிக்கொண்டு போகும். சிப்ஸ் பாக்கெட், டூத்பேஸ்ட் ட்யூப், மாத்திரை தீர்ந்துபோன அட்டை... இப்படி.

வண்டியோடு வருகிற சரசுவுக்கு நாற்பது வயது இருக்கும். சம்பளம் வாங்காமல் இந்த வேலையைச் செய்கிற ஒரு சின்னக் குழுவைச் சேர்ந்தவர். இறங்கியதும் வழக்கம்போல அண்ணாந்து இரண்டாவது மாடியைப் பார்த்தார்.

"மஞ்சுக்கா இன்னும் கீழ வரலீங்களா? எப்பவும் எனக்கு முன்னாடியே வந்து நிப்பாங்களே!"

நாங்கள் நாலைந்து பேர் நின்றிருந்தோம். சரசுவுக்கு விஷயம் தெரியாது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. யார் சொல்வது? ஆளாளுக்கு அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதற்குள் மஞ்சுவின் கணவர் செந்தில் படியிறங்கி வந்துவிட்டார். கையில் ஒரு கண்ணாடி பாட்டில். அதன் அடியில் வெள்ளையாக, கட்டியாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க, இத எதுலீங்க போடறது?" என்று சரசுவிடம் கேட்டார்.

"என்னங்கண்ணா இது?"

"மஞ்சுவோட மாத்திரைங்க. அவ போயி மூணு வாரம் ஆகப்போகுதுங்க."

சரசு அப்படியே வண்டியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மஞ்சுளாவை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எங்கள் வளாகத்தில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. பொள்ளாச்சிக்காரி. வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தாள். மற்ற நேரத்தில் எங்களுக்கு எல்லாம் குப்பை டியூஷன். கொட்டாங்குச்சியை, மக்குகிற குப்பைக்கான பச்சைத் தொட்டியில் போட்டால் கதவைத் தட்டுவாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க..." என்று ஆரம்பித்தாள் என்றால் நாம் ஏதோ தப்புப் பண்ணிவிட்டோம் என்று அர்த்தம். எனக்கு எத்தனை தடவை எரிச்சல் வந்திருக்கிறது தெரியுமா? மேலே அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே நான் பால் கவரை ஒளித்து வைப்பேன். அந்தச் சத்தம் கேட்கமாட்டேன் என்கிறதே என்று இப்போது கிடந்து தவிக்கிறேன்.

அவளுக்கு ஃபிட்ஸ் உண்டு. சின்ன வயதிலிருந்தே. மாத்திரை ஒழுங்காகப் போட்டதால் பல வருடமாக ஒன்றுமே இல்லை. அதை அவள் மறைத்ததும் இல்லை, பெரிதுபடுத்தியதும் இல்லை. அவளுடைய வருத்தம் வேறு.

"நான் உசுரோட இருக்கோணும்னா தெனமும் குப்பை போட்டே ஆகோணுமுங்கக்கா" என்பாள். "ஒவ்வொரு மாத்திரைக்கும் ஒரு குழி. இந்தப் பக்கம் பிளாஸ்டிக்கு, அந்தப் பக்கம் அலுமினியம். ரெண்டையும் ஒட்டிப்போட்டாங்க. பிரிக்கவும் முடியாது, உருக்கவும் முடியாது. நான் செத்து எத்தன வருசம் ஆனாலும் என்னோட அட்டை மண்ணுல கெடக்கும்."

யோசித்துப் பாருங்கள். நம் வீட்டில் பிரஷர், சுகர், தைராய்டு, கேஸ் டிரபிள் என்று ஆளுக்கொரு அட்டை. அட்டைக்கு மேலே ஒரு டப்பா. டப்பாவுக்குள் புடவை மாதிரி மடித்த ஒரு காகிதம். இருமல் மருந்தென்றால் பாட்டில், பாட்டிலுக்கு ஒரு பெட்டி, கூடவே ஒரு குட்டி பிளாஸ்டிக் கப். இருமல் ஒரு வாரத்தில் போய்விடும். கப்?

தெருமுனை மருந்துக்கடை பாயிடம் மஞ்சு இதற்காகப் போட்ட சண்டைகள் தனிக்கதை. நான் தைலம் வாங்கப் போகிற நேரமெல்லாம் நடந்துகொண்டிருக்கும்.

"பாய், இந்த அட்டை இவ்ளோ பெருசு. மாத்திரை இத்தினியூண்டு. எதுக்குங்க?"

"அம்மணி, கம்பெனிக்காரன் குடுக்கறான், நான் விக்கறேன். என்னைய எதுக்குங்க கேக்கறீங்க?"

"அப்ப கம்பெனிகிட்ட நீங்க கேளுங்க."

"என்னையெல்லாம் அவன் மனுசனாவே மதிக்க மாட்டானுங்க!"

பாய் சிரிப்பார். ஆனால் அவள் சொல்லிச் சொல்லி, பிளாஸ்டிக் பை கொடுப்பதை நிறுத்தி, பேப்பர் கவருக்கு மாறிவிட்டார். மருந்துக் கம்பெனிக்கு அவளே மெயில் போட்டாள். காலி அட்டைகளை நீங்களே திரும்ப வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று. உங்கள் மேலான கருத்துக்கு நன்றி என்கிற மாதிரி ஒரு பதில் வந்தது. அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் சரசுவின் வண்டி வர ஆரம்பித்தது. காலி அட்டைகளைச் சேர்த்து எங்கேயோ அனுப்புகிறார்கள், அங்கே பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் பிரிக்க இயந்திரம் இருக்கிறது என்று தெரிந்ததும் மஞ்சுவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே... கல்யாணம் நிச்சயமான வீடு மாதிரி எல்லாக் கதவையும் தட்டிச் சொன்னாள்.

இனி நான் சொல்லப்போவது செந்தில் என்னிடம் சொன்னது.

ஆடி பிறப்பதற்கு முன்னால் வண்டி வந்தபோது, மஞ்சு பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். அட்டைகளைக் கொடுக்க முடியவில்லை. அது அவளுக்குப் பெரிய குறை. அடுத்த மாதம் வண்டி வருகிற சனிக்கிழமை நெருங்கும்போது, புதிதாக இரண்டு மாதத்து மாத்திரை வாங்கி வைத்திருந்தாள். இன்னும் இரண்டு மாதம் இந்த அட்டைகளை வீட்டில் வைத்துக் காக்க வேண்டுமா? வண்டி அதற்குள் நின்றுவிட்டால்? ஆர்வக்கோளாறு என்று நாம் லேசாகச் சொல்வோமே, அதுதான். எல்லா மாத்திரையையும் அட்டையிலிருந்து அமுக்கி எடுத்து, ஒரு ஊறுகாய் பாட்டிலைக் கழுவித் துடைத்து அதில் போட்டாள். அட்டைகளைச் சரசுவிடம் கொடுத்துவிட்டாள்.

ஆடிச் சாரல் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று கோயமுத்தூர்க்காரர்களுக்குத் தெரியும். துணி காயாது. உப்பு தண்ணீர் விடும். அப்பளம் நமுத்துப்போகும்.

மஞ்சுவின் மாத்திரை, காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சுகிற ஜாதி. சில நாளிலேயே வியர்த்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டது. செந்தில் பார்த்துவிட்டு, "வேற வாங்கிக்கலாமே" என்றிருக்கிறார்.

"நல்ல மாத்திரையத் தூக்கி எறிஞ்சா அதுவும் குப்பைதானுங்களே" என்று சொல்லிவிட்டு, ஸ்பூனால் பேர்த்துப் பேர்த்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஒரு மாத்திரை அளவு இருக்கும் என்று கண்மதிப்பாக.

கணக்கு டீச்சர்.

ஒரு மத்தியானம், செந்தில் பம்ப்செட் கம்பெனியில் வேலையாக இருந்த நேரம், பின்பக்க பால்கனியில் துணி அலசிக்கொண்டிருந்தவளுக்கு ஃபிட்ஸ் வந்துவிட்டது. விழுந்த இடத்தில் துவைக்கிற கல். ஆஸ்பத்திரியில் கண் விழிக்கவே இல்லை.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

டாக்டர் நேர்மையான மனிதர். "மாத்திரை கெட்டுப்போனதாலதான்னு உறுதியாச் சொல்ல முடியாது. இதனால இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றாராம். செந்தில் அந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டு கிடக்கிறார். சொந்தக்காரர்களுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. துக்கம் கேட்க வந்த வீட்டிலேயே, செந்தில் காதுபட, "குப்பை குப்பைன்னு திரிஞ்சு உசுரையும் குப்பையில போட்டுட்டா" என்று ஒரு பெரிய மனுஷி சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். வாயைத் திறந்தால் சண்டையாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் செந்தில் என் வீட்டுக்கு வந்தார். காபியைத் தொடவில்லை.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவ பண்ணுனது பைத்தியக்காரத்தனமுங்களா? எல்லாரும் அப்படித்தான் பேசறாங்க. எனக்கு அவ மேல கோவம் வருதுங்க. அப்பறம் கோவம் வந்துபோச்சேன்னு அழுகை வருதுங்க."

ஆமாம் என்றால் அவள் போய்விட்டாள், போனதோடு பைத்தியக்காரியும் ஆகிவிடுகிறாள். இல்லை என்றால் அந்த பாட்டில் கண்ணெதிரே சாட்சியாக நிற்கிறது.

அட்டையையே பார்த்துவிடலாம் என்று மறுநாள் பாயின் கடைக்குப் போனேன். அதே மாத்திரை ஒரு அட்டை எடுத்துக் காட்டச் சொன்னேன். பாய் காட்டினார். மஞ்சு போனதிலிருந்து அவர் பழையபடி பேசுவதில்லை.

அட்டையின் பின்பக்கம், கம்பெனியின் பெயர் கொட்டை எழுத்தில். விலை நன்றாகத் தெரிகிறது. ஒரு மூலையில் எறும்பு வரிசை மாதிரி என்னவோ ஓடியது. செல்போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் படித்தேன். ஈரம் படாமல் வைக்கவும், சாப்பிடும் நேரம் வரை அட்டையிலிருந்து எடுக்க வேண்டாம் என்று. இங்கிலீஷில்.

"எத்தன வருசமா விக்கறேன்... ஒரு நாள் கூட நான் இதப் படிச்சதில்லீங்க" என்றார் பாய். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த எச்சரிக்கை அட்டையில்தான் இருந்தது. அட்டையோ வண்டி ஏறிப் போய்விட்டது. மஞ்சுவின் வீட்டில் மிஞ்சியது எதையும் சொல்லத் தெரியாத ஒரு ஊறுகாய் பாட்டில்.

எனக்கு இப்போது கோபம் யார் மேல் என்று கேட்டால் சொல்லிவிடுவேன். மாத்திரைக்கு ஈரம் ஆகாது, கவசம் வேண்டும். சரி, ஒப்புக்கொள்கிறேன். அந்த அட்டை எதிரி இல்லை. இத்தனை வருடம் மஞ்சுவை அதுவும் சேர்ந்துதான் காப்பாற்றியது. ஆனால் அந்தக் கவசத்தைக் கழற்றிய பிறகு எங்கே போடுவது என்று யோசிக்க வேண்டியவர் யார்? செய்தவரா, விற்றவரா... இல்லை, வாழ்நாள் முழுக்க முழுங்குகிற நோயாளியா? ஒரே பொருளில் அட்டை செய்யலாம், அப்படிச் செய்தால் உருக்கி மறுபடி உபயோகிக்கலாம் என்றெல்லாம் பேசிக்கொள்கிறார்கள். வரட்டும், சந்தோஷம். கடைக்குக் கடை ஒரு பெட்டி வைத்துக் காலி அட்டைகளை வாங்கிக்கொள்ளலாம். ராக்கெட் விடுகிற நாட்டில் இது என்ன பெரிய வித்தை? பெரியவர்கள் யாரும் செய்யாத வேலையை ஒரு டியூஷன் டீச்சர் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். தெரியாத ஒரு இடத்தில் தப்பு நடந்துவிட்டது.

செந்திலிடம் இதைத்தான் சொன்னேன். "அவ பைத்தியம் இல்லைங்க தம்பி. அவளத் தனியா விட்டுட்டாங்க." அவர் தலையை ஆட்டினார். ஆறுதல் அடைந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை அந்த பாட்டிலை சரசு வாங்கவில்லை. "மருந்து இருந்தா நாங்க எடுக்கக் கூடாதுங்கண்ணா" என்று அழுதுகொண்டே சொன்னார். கடைசியில் மருந்துக்கடைக்கே கொண்டுபோனோம், பாய் வாங்கிக்கொண்டார். தேதி முடிந்த சரக்கைத் திருப்பி அனுப்பும்போது இதையும் முறையாக ஒழிக்கச் சொல்வதாகச் சொன்னார்.

அன்று மத்தியானமே அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் எழுதினார். மாத்திரை அட்டை சேகரிப்பை நிறுத்திவிடலாம், நமக்கு எதற்கு இந்த வம்பு என்று. உடனே கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன. மஞ்சு செய்ததில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதையும் மூடிவிட்டால், சொந்தக்காரர்கள் சொன்னதே தீர்ப்பாகிவிடும் இல்லையா?

நான் கோபமாக ஏதோ டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அந்தக் குரூப்பில் ஒரு தீபாவளி வாழ்த்துக்கூடப் போட்டிராத செந்தில்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. நிறுத்தாதீங்க. அடுத்த மாசத்துல இருந்து வண்டி வர்ற அன்னைக்கு நான் கீழ நிக்கறேனுங்க. காலி அட்டையை மட்டும் குடுங்க. மாத்திரை இருக்கறத யாரும் பிரிச்சுப்போடாதீங்க. முழுங்கற வரைக்கும் அது உள்ளயே இருக்கட்டுமுங்க. மஞ்சுவுக்கு... அத யாரும் சொல்லலீங்க."

'முழுங்குகிற வரைக்கும் உள்ளேயே இருக்கட்டும்' என்கிற இந்த ஒரு வரியைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தமிழில் அச்சடிக்கக் கம்பெனிக்காரர்களுக்கு என்ன இயந்திரம் வேண்டுமாம்?