மகளைத் திருப்பி அனுப்பிய குளிர்காலம்

வங்கியில் எனக்குப் பதவி உயர்வு வந்தது. கூடவே தில்லிக்கு மாற்றலும் வந்தது. கணவர் பாளையங்கோட்டையில் அரசுப் பள்ளி ஆசிரியர். அவரால் வர முடியாது. மகளுக்கு ஆறு வயது. அவளை யார் வைத்துக்கொள்வது என்று வீட்டில் பேச்சு வந்தபோது, "எங்கூடத்தான் இருப்பா" என்று நான் முடித்துவிட்டேன்.

ஜூன் மாத வெயிலில் ஜனக்புரியில் ஒரு வீட்டின் முதல் மாடிக்குக் குடிவந்தோம். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரி இருந்தார். பஞ்சாபிப் பெண்மணி, ஐம்பதைத் தாண்டியவர், முன்னறையில் ஒரு பியூட்டி பார்லர் வைத்திருந்தார். எங்கள் இருவருக்குமே அவர் 'ஆன்ட்டி ஜி'. நான் வேலை முடிந்து வரும்வரை மகள் அந்தப் பார்லரில்தான் இருப்பாள். அங்கே வேலை பார்த்த மணிப்பூர்ப் பெண் இவளை நாற்காலியில் உட்காரவைத்து விதவிதமாக முடி பின்னிவிடுவாள். புருவம் திருத்த வரும் பெண்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டே மகள் இந்தி பேசத் தொடங்கினாள். நானோ இரண்டு மாதம் ஆகியும் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தேன்.

பஸ் வந்துவிட்டது என்பதற்கு நான் 'பஸ் ஆயா' என்பேன். "அம்மா, பஸ் பொம்பளை. 'பஸ் ஆயி'ன்னு சொல்லணும்" என்று திருத்துவாள்.

"பஸ்ஸுல என்னட்டி ஆம்பள, பொம்பள?"

"இங்க அப்படித்தான். ஆன்ட்டி ஜி சொன்னாங்க."

ஞாயிற்றுக்கிழமைகளில் கிளம்பிவிடுவோம். மெட்ரோவில் ஏறி, பெயர் பிடித்த ஏதாவது ஒரு நிலையத்தில் இறங்கிக்கொள்வோம். குருத்வாராவில் தலையில் துணி கட்டிக்கொண்டு தரையில் வரிசையாக உட்கார்ந்து ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டோம். யமுனைக் கரையில் திபெத்தியர்கள் குடியிருக்கும் சந்துகளில் ஆவி பறக்கும் மோமோ வாங்கித் தின்று நாக்கைச் சுட்டுக்கொண்டோம். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயைப் பார்த்ததும் அவள் கத்திய கத்தலில் கடைக்காரர் இன்னும் இரண்டு காயைச் சேர்த்துக் கட்டிக்கொடுத்தார். வீடியோ அழைப்பில் கணவர் சிரிப்பார்: "ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருக்கியளா, ஊர் சுத்தப் போயிருக்கியளா?"

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒருநாள் காலையில் எதிர்வீட்டு மாடி தெரியவில்லை. பனி என்று நினைத்தேன். மகளைக் கூப்பிட்டு, "பாரு, ஊட்டி மாதிரி இருக்கு" என்றுகூடச் சொன்னேன். பால்கனிக் கதவைத் திறந்ததும் ஈர வைக்கோலைக் கொளுத்தியது போல ஒரு நெடி. தொண்டை எரிந்தது. கீழே ஆன்ட்டி ஜி தலையை நீட்டி, கதவைச் சாத்தும்படி கையைக் காட்டினார்.

முதலில் வறட்டு இருமல்தான். ஆன்ட்டி ஜி தினமும் ஒரு வெல்லக்கட்டியை அவள் வாயில் போடுவார். நெஞ்சில் படியும் புகையை அது இறக்கிவிடும் என்று அவருக்கு நம்பிக்கை. பிறகு இருமலோடு விசில் சத்தமும் சேர்ந்துகொண்டது. பக்கத்துத் தெருவில் இருந்த வங்காளி டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை வைத்தபடியே, "முன்னால் இப்படி வந்ததுண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "தில்லிக்கு வந்து எத்தனை மாதம்?" என்று கேட்டவர், என் பதிலைக் கேட்டதும் மருந்துச் சீட்டில் நெபுலைசரையும் சேர்த்து எழுதினார்.

வீட்டுக்கு நெபுலைசர் வந்தது. மூக்கின் மேல் மூடியை வைத்துக்கொண்டு மருந்துப் புகையை இழுக்கும்போது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். புகை காரணமாகப் பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள், பாடமெல்லாம் போனில் நடந்தது. ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணியைச் செருகி வைத்தேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் கறுத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே வந்து, "இன்னைக்கும் வெளிய கிடையாதா?" என்று கேட்பாள். பிறகு கேட்பதையும் நிறுத்திவிட்டாள். என் விடுப்புகள் தீர்ந்ததும் மறுபடி அவளைப் பார்லரில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

ஒரு மத்தியான வேளையில் ஆன்ட்டி ஜியிடமிருந்து போன் வந்தது. "ஜல்தி ஆஓ", சீக்கிரம் வா என்பது மட்டும்தான் எனக்குப் புரிந்தது. மற்றதெல்லாம் அழுகை. பின்னால் யாரோ ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார்கள். புசா ரோட்டுப் பக்கம் இருந்த என் கிளையிலிருந்து ஓடி மெட்ரோ ஏறினேன். பெட்டியில் எல்லோரும் முகமூடி போட்டிருந்தார்கள். நான் அழுததை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை.

அவசரப் பிரிவில் அவளுக்கு ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகள் உள்ளே போய் வந்தன. அன்று காலையில்தான் மணிப்பூர்ப் பெண் அவள் நகங்களுக்குச் சிவப்புச் சாயம் பூசிவிட்டிருந்தாள். விரலில் மாட்டும் கருவி அந்தச் சாயத்தால் அளவு காட்டவில்லை. நர்ஸ் பஞ்சால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். மகள் முகமூடிக்குள்ளிருந்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "பேடிக்கேண்டா சேச்சி, சரியாகும்" என்று அந்த மலையாளி நர்ஸ், பயப்படாதே என்று எனக்குத் தைரியம் சொன்னார். ஆன்ட்டி ஜி வாசலில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் கணவர் விமானத்தில் வந்து சேர்ந்தார். மகள் தூங்கியதும் வார்டு வராந்தாவில் உட்கார்ந்தோம்.

"நான் கூட்டிட்டுப் போயிருதேன்" என்றார்.

"நானும் வாரேன். வேலைய விட்டுருதேன்."

"அவசரப்படாத. மாற்றல் கேளு, கெடைக்கும். அதுவரைக்கும் எங்க அக்கா பாத்துக்கிடுவா."

"எம் பிள்ளைய அவ்வொ பாத்துக்கிடணுமா?"

"இங்கன அவளுக்கு மூச்சு விட முடியலல்லா" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது அது லீவுப் பயணம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆன்ட்டி ஜியின் கன்னத்தில் முத்தம் கொடுத்து, சண்டே வந்துவிடுவேன் என்று இந்தியில் சொன்னாள். அவர் 'அச்சா, அச்சா' என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

மாற்றல் இரண்டு மாதத்தில் வந்துவிடும் என்று அலுவலகத்தில் எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். கன்னங்களில் சதை பிடித்திருந்தது. அன்று ராத்திரி அவள் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தேன். விசில் சத்தம் இல்லை. மறுநாள் காலையில் சீப்பை எடுத்துக்கொண்டு அவள் என்னைத் தாண்டி அடுக்களைக்குப் போனாள்.

"வாட்டி, நான் பின்னிவிடுதேன்."

"அத்தை பின்னுனாத்தான் இறுக்கமா நிக்கும்மா."

நாத்தனார் சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். "நீங்களே பின்னுங்க மதினி" என்றேன்.

கோடை லீவுக்கு அவளைத் தில்லிக்குக் கூட்டிவர நினைத்திருந்தேன். ஊரிலிருந்த டாக்டர் வேண்டாம் என்றார். ஆன்ட்டி ஜி ஒருநாள் வீடியோவில் அவளோடு பேச ஆசைப்பட்டார். படபடவென்று இந்தியில் என்னென்னவோ கேட்டார். மகள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்து, "அம்மா, அவங்க என்ன சொல்லுதாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். இந்தி இப்போது எனக்கு நன்றாகவே வந்தது.

மாற்றல் இன்னும் வரவில்லை. அடுத்த அக்டோபரும் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கப் பிடிக்காமல் லோதி தோட்டத்துக்குப் போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். வானம் அப்போதே மங்கத் தொடங்கியிருந்தது. கல்லறை மண்டபத்தின் எதிரே ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. கணவன், மனைவி, பாவாடை சட்டையில் ஒரு பெண் குழந்தை.

"அந்த அக்காகிட்ட கேளுங்க, எடுத்துக் குடுப்பாங்க" என்று தமிழில் கணவனிடம் சொன்னாள் அந்தப் பெண்.

அவர் தயங்கித் தயங்கி வந்து, அரைகுறை இந்தியில் போனை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். நான் ஒரு வார்த்தை தமிழில் பேசினால் போதும், எந்த ஊர் என்பார்கள். பிறகு எத்தனை பிள்ளைகள் என்பார்கள், இங்கேதான் படிக்கிறார்களா என்பார்கள். குழந்தை லேசாக இருமியது. தீபாவளிக்கு முன்னால் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"தோடா பாஸ் ஆயியே" என்று இந்தியிலேயே சொன்னேன். நெருங்கி நின்றார்கள். மூன்று படங்கள் எடுத்துக் கொடுத்தேன்.

"தேங்க் யூ ஜி" என்றார் அவர். குழந்தைக்குக் கையை அசைத்துவிட்டு மெட்ரோ நிலையத்தை நோக்கி நடந்தேன்.